கிரேக்க ஓவியக் கலங்களில் வரும் மது விருந்துக் காட்சிகளை எப்படிப் பார்ப்பது?

பெரம்பூர் ஆசிரியை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் பகுதி நூலகத்தில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்தில், பண்டைய கிரேக்கர்களின் ஓவியம் தீட்டிய மட்கலங்களைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். கோட்டின் உறுதி, உருவங்களின் அமைப்பு, சிறிய வட்டத்துக்குள் ஒரு முழுக் காட்சியை அடக்கும் திறன் ஆகியவற்றைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் படங்களைத் திரட்டத் தொடங்கியபோது, அவற்றில் மிகப் பல மது விருந்துக் காட்சிகளாக இருப்பதைக் கண்டேன். ஆண்கள் கட்டிலில் சாய்ந்தபடி கிண்ணம் ஏந்துகிறார்கள்; ஒருவர் குழல் ஊதுகிறார்; ஒருவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பாடுகிறார்; சிலர் தள்ளாடி நடக்கிறார்கள்; ஒரு கிண்ணத்தின் உள்வட்டத்தில் ஓர் இளைஞன் வாந்தியே எடுக்கிறான்.

எனக்குள்ள முதன்மையான ஐயம் இதுதான்: இக்காட்சிகளை அக்காலத்து விருந்தின் நேரடிப் பதிவாகக் கொள்ளலாமா? “கிரேக்கர்கள் இப்படித்தான் விருந்துண்டார்கள்” என்ற ஒற்றை வரியோடு இப்படங்களை அச்சிடும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். விருந்து என்று பெயர் சொன்னாலும், பல படங்களில் ரொட்டியோ இறைச்சியோ கண்ணில் படுவதில்லை. பந்தி என்றால் நிறைந்த இலை என்று பழகிய நமக்கு அது வியப்பாக இருக்கிறது. மதுவில் தண்ணீர் கலந்தார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தக் கலப்புக்கென்றே ஏன் அவ்வளவு பெரிய பானையை வனைந்தார்கள் என்று விளக்குவோர் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, மது அருந்தும் கிண்ணத்திலேயே குடித்து நிலை தவறியவனை வரைந்து கொடுத்த கலைஞன் என்ன நினைத்தான்? அது கண்டிப்பா, கேலியா, அல்லது வெறும் அலங்காரமா?

கேட்க வருபவர்களில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் முதியவர்களும் இருப்பார்கள். உறுதியில்லாத ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடக் கூடாது என்ற கவலை எனக்கு உண்டு. எந்தெந்தக் கலங்களைத் திரையில் காட்டினால் தகும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

நுங்கம்பாக்கம் வாசகர் எழுதியது:

வணக்கம் அம்மா. நேரடிப் பதிவு என்று கொள்ள முடியாது என்பதே என் உறுதியான கருத்து. அக்காட்சிகளில் வரும் கட்டிலும் திண்டும் குழலும் கிண்ணமும் மெய்யானவை. ஆனால் அவற்றை ஒன்றுசேர்த்து, யார் யாரை எங்கே சாய வைப்பது என்று முடிவு செய்தவன் ஓவியன். இதற்கு மிகத் தெளிவான சான்று, பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகர அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கலம். ஏறத்தாழ கி.மு. 510-ஐச் சேர்ந்த அதில், விருந்தில் சாய்ந்திருக்கும் ஆண்களில் ஒருவனுக்கு அருகே ‘ஸ்மிக்ரோஸ்’ என்று எழுதியிருக்கிறது. அது அந்தக் கலத்தைத் தீட்டிய ஓவியனின் பெயர். ஏதென்ஸ் நகரத்தில் மட்பாண்டத் தொழில் செய்தவர்கள் செல்வர்களின் விருந்தில் சரிசமமாகச் சாய்ந்து மது அருந்தியிருப்பார்களா என்பது ஐயத்துக்குரியது. அதே கலத்தின் மறுபக்கத்தில் இரண்டு பணியாளர்கள் பெரிய சாடிகளைச் சுமந்து வந்து கலக்கும் பானையை நிரப்புகிறார்கள். முன்பக்கத்தில் தன்னைக் கட்டிலில் அமர்த்திக்கொண்ட கலைஞன், உழைப்பவர்களைப் பின்பக்கத்தில் வைத்தான். இதை ஒரு விருப்பம் என்றோ ஒரு விளையாட்டு என்றோ படிக்கலாம்; வாழ்க்கைக் குறிப்பாகப் படிக்க முடியாது.

உணவு ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை அந்த மாலைப்பொழுதின் ஒழுங்கிலேயே இருக்கிறது. முதலில் உணவு. அது முடிந்ததும் மேசைகளை அகற்றி, தரையைப் பெருக்கி, கை கழுவி, தலையில் மாலை சூடி, தெய்வங்களுக்குச் சிறிது மதுவை ஊற்றிப் படைத்த பிறகே குடியும் பாட்டும் பேச்சும் தொடங்கும். அந்த இரண்டாம் பகுதியைத்தான் சிம்போசியம் என்கிறோம். ஓவியர்கள் விரும்பி வரைந்ததும் அதைத்தான். பழைய கலங்களில் உணவும் வருகிறது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் கொரிந்த் நகரத்துக் கிராட்டர் (மது கலக்கும் பெரிய பானை) ஒன்று இருக்கிறது; கி.மு. 600-ஐ ஒட்டிய அதில் யூரிட்டோஸ் மன்னன் வீட்டு விருந்தில் புராண வீரன் ஹெராக்லீஸ் சாய்ந்திருக்கிறான். கட்டில்களின் அருகே உணவு வைத்த மேசைகள், கட்டில் கால்களில் கட்டிய நாய்கள் என்று எல்லாமே அதில் உண்டு. ஏதென்ஸின் பழைய கருநிற உருவக் கலங்களிலும் (உருவங்களைக் கறுப்பாகத் தீட்டியவை) மேசை விளிம்பிலிருந்து இறைச்சித் துண்டுகள் நீளமாகத் தொங்குவதைப் பார்க்கலாம். கி.மு. 500-ஐ நெருங்க நெருங்க உணவு அருகிக் கிண்ணங்கள் பெருகுகின்றன.

சாய்ந்து விருந்துண்ணும் வழக்கமே கிரேக்கத்துக்குப் பிந்தி வந்ததுதான். ஹோமரின் வீரர்கள் உட்கார்ந்துதான் உண்கிறார்கள். மேற்காசியாவிலிருந்து வந்த வழக்கம் இது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. நினிவே நகரத்து அரண்மனைச் சிற்பம் ஒன்றில், கி.மு. 645-ஐ ஒட்டி, அசீரிய மன்னன் அசுரபனிபால் திராட்சைக் கொடியின் கீழ் கட்டிலில் சாய்ந்திருக்க, அரசி அருகில் நாற்காலியில் அமர்ந்து கிண்ணம் ஏந்துகிறாள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தச் சிற்பத்தின் படத்தை, லூவர் கலத்தின் படத்துக்குப் பக்கத்தில் காட்டினால் உங்கள் அவையினருக்கு உடனே விளங்கும்.

இனி அந்தப் பெரிய பானை. கிராட்டர் என்பது மதுவையும் நீரையும் கலப்பதற்கான அகன்ற வாய்க் கலம். விருந்து நடக்கும் அறையில் கட்டில்களைச் சுவர் ஓரமாக வரிசையாகப் போடுவார்கள். ஏழு அல்லது பதினொரு கட்டில்கள் என்பது பரவலான அளவு. அதற்கு இடம் விட்டு வாசலைச் சுவரின் நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி வைப்பார்கள் என்பதால், அகழாய்வில் அடித்தளம் மட்டும் கிடைத்தால்கூட அந்த அறையை அடையாளம் காண முடிகிறது. எல்லோரும் இடது முழங்கையை ஊன்றி உள்நோக்கிச் சாய்ந்திருக்க, நடுவில் கிராட்டர் நிற்கும். அனைவரும் ஒரே கலவையைத்தான் அருந்த வேண்டும். எவ்வளவு நீருக்கு எவ்வளவு மது, எத்தனை கிராட்டர் என்பதையெல்லாம் அன்றைய விருந்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் முடிவு செய்வார். பழைய கிரேக்கப் புலவர் ஹெசியட் மூன்று பங்கு நீருக்கு ஒரு பங்கு மது என்கிறார். பிற்கால எழுத்துகளில் வேறு விகிதங்களும் வருகின்றன. பெரும்பாலும் நீரே மிகுதி. நீர் கலக்காமல் குடிப்பது அயலார் பழக்கம் என்று கருதினார்கள். ஸ்பார்ட்டாவின் மன்னன் கிளியோமினீஸ், சித்தியர் என்ற அயல் நாடோடி மக்களோடு பழகி நீர் கலவாத மதுவைக் குடித்ததால்தான் பித்துப் பிடித்தான் என்று அவன் நாட்டவர் சொன்னதாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். இந்த அளவு முறையைப் புரிந்துகொண்டால், கிராட்டர் ஏன் அறையின் நடுநாயகமாக நின்றது, ஏன் மிகச் சிறந்த ஓவியங்கள் அதன்மேல் தீட்டப்பட்டன என்பதும் புரியும். ஏதென்ஸ் ஓவியர் யூஃப்ரோனியோஸ் தீட்டிய, ட்ராய் போரில் மாண்ட சார்பிடோன் என்ற வீரனின் படமுள்ள புகழ்பெற்ற சார்பிடோன் கிராட்டர் ஏறத்தாழ 45 லிட்டர் கொள்ளும்.

வாந்தி எடுக்கும் இளைஞனுக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் உள்ள கிண்ணமாக இருக்க வேண்டும். பெயர் தெரியாத அந்தக் கலைஞரை, பிரைகோஸ் என்ற குயவரின் கிண்ணங்களைத் தீட்டியவர் என்பதால், பிரைகோஸ் ஓவியர் என்று அழைக்கிறார்கள். காலம் கி.மு. 490-480. கிண்ணத்தின் வெளிப்புறத்தைச் சுற்றிலும், விருந்து முடிந்து ஆட்டமும் பாட்டுமாகத் தெருவில் செல்லும் கூட்டம். உள்வட்டத்தில் இருவர் மட்டும்: இளைஞன் குனிந்து நிற்கிறான், ஒரு பெண் அவன் தலையைக் கைகளால் தாங்கிப் பிடித்திருக்கிறாள். அவள் முகத்தில் அருவருப்பும் இல்லை, ஏளனமும் இல்லை. இந்தப் படம் யார் கண்ணில் எப்போது படும் என்று எண்ணிப் பாருங்கள். கிண்ணம் நிறைந்திருக்கும்போது மது அதை மறைத்திருக்கும். குடித்து முடிப்பவனுக்கு மட்டுமே, அதுவும் குடித்து முடிக்கும் அந்த நேரத்தில்தான், அது தெரியவரும். எதிரில் சாய்ந்திருப்பவர்களோ வெளிப்புறத்து ஊர்வலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே ஒரு படம், வெளியே ஒரு படம், இரண்டுக்கும் வெவ்வேறு பார்வையாளர்கள், வெவ்வேறு நேரம் என்று திட்டமிட்டு வரைந்திருக்கிறார்கள்.

அப்படியானால் அது கண்டிப்பா, கேலியா? இரண்டும்தான் என்பேன். அளவைப் பற்றிய பேச்சு அந்த விருந்தின் உள்ளேயே நடந்தது. வெளியிலிருந்து யாரும் வந்து அறிவுரை சொல்லவில்லை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் நகைச்சுவை நாடகாசிரியர் யூபுலஸ், மதுக் கடவுள் டயோனிசஸே பேசுவதாக எழுதிய பகுதி ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அறிவுடையோருக்கு மூன்று கிராட்டர் மட்டுமே கலப்பேன் என்கிறார் கடவுள்: முதலாவது உடல்நலத்துக்கு, இரண்டாவது காதலுக்கும் இன்பத்துக்கும், மூன்றாவது உறக்கத்துக்கு, அதைக் குடித்ததும் அறிவுள்ள விருந்தினர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான்காவது முதல் அது தம்முடையதன்று, செருக்குக்கு உரியது. பிறகு கூச்சல், தெருக்கூத்து, கறுத்த கண், வழக்கு என்று படிப்படியாக ஏறிப் பத்தாவதில் பித்து வருகிறது. மக்களைச் சிரிக்க வைக்க எழுதிய நாடகத்தில்தான் இந்தக் கணக்கு வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பிரைகோஸ் ஓவியரின் கிண்ணமும் அதே மனநிலையைச் சேர்ந்தது என்பது என் எண்ணம். தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வதில் அவர்களுக்கு இருந்த ஈடுபாடுதான் இக்காட்சிகள் இவ்வளவு பெருகியதற்குக் காரணம்.

ஒரே ஒரு கலத்தை மட்டும் காட்ட முடியும் என்றால், நான் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் உள்ள, எக்சேகியாஸ் என்ற ஏதென்ஸ் கலைஞரின் கிண்ணத்தைக் காட்டுவேன். காலம் கி.மு. 540-530. உள்ளே பவளச் சிவப்புப் பரப்பில் ஒரு படகு மிதக்கிறது. அதில் டயோனிசஸ் தனியாகச் சாய்ந்திருக்கிறார். பாய்மரத்தைப் பற்றி ஏறிய திராட்சைக் கொடி குலை குலையாகக் காய்த்து வானத்தை நிறைக்கிறது. சுற்றிலும் ஏழு டால்பின்கள் துள்ளுகின்றன. தம்மைக் கடத்த முயன்ற கொள்ளையரைக் கடவுள் டால்பின்களாக மாற்றிய கதையோடு இதை இணைத்துப் படிப்பது வழக்கம். கடலுக்கென்று அலைக்கோடு ஒன்றுகூட இல்லை. கிண்ணத்தில் ஊற்றிய மதுவே அந்தப் படகைச் சூழும் கடலாகிவிடும். வெளிப்புறத்தில் இரண்டு பெரிய கண்கள் வரைந்திருக்கின்றன; ஒருவர் கிண்ணத்தை உயர்த்திக் குடிக்கும்போது அவர் முகம் மறைந்து, எதிரில் இருப்பவர்களை அந்தக் கண்கள் பார்க்கும். ஓவிய ஆசிரியையான உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

சூளைக்காரர் எழுதியது:

நுங்கம்பாக்கம் ஐயா காட்சிகளை விரிவாகச் சொல்லிவிட்டார். நான் சுடுமண் வேலை செய்பவன். கொசப்பேட்டையில் குயவர்களுடன் பழகித் தொழில் கற்றவன். அந்தக் கறுப்பு நிறம் எப்படி வந்தது என்பதை ஆசிரியை அம்மா தம் உரையில் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைச் சொல்லாவிட்டால், கேட்பவர்கள் கறுப்புச் சாயம் பூசினார்கள் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

கறுப்பும் சிவப்பும் ஒரே மண்தான். ஏதென்ஸைச் சுற்றிக் கிடைத்த களிமண்ணில் இரும்புச் சத்து மிகுதி. அதை நீரில் கரைத்து, கனமான துகள்களை அடியில் தங்கவிட்டு, மேலே நிற்கும் மிக மென்மையான குழம்பை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். வனைந்த கலம் ஓரளவு காய்ந்து இறுகியதும், அந்தக் குழம்பால் வரைவார்கள். வரையும்போது குழம்புக்கும் கலத்துக்கும் நிறத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. பிறகு ஒரே சூட்டில் மூன்று கட்டம். முதலில் காற்று நன்றாகப் புக விட்டு ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வரை ஏற்றும்போது எல்லாம் சிவக்கும். அடுத்து, காற்று வழியை அடைத்து, பச்சை விறகைப் போட்டு, 900 பாகைக்கு மேல் கொண்டுபோனால் கலம் முழுவதும் கறுத்துவிடும். இந்த வெப்பத்தில் மென்துகள் குழம்பு மட்டும் உருகி இறுகிக் கண்ணாடித் தன்மை பெறும். கடைசியாக, சூளை ஆறத் தொடங்கும்போது மறுபடி காற்றை விட்டால், நுண்துளைகள் உள்ள கலத்தின் உடல் காற்றை ஏற்று மீண்டும் சிவக்கும். இறுகிப்போன பூச்சுக்குள் காற்று நுழைய முடியாததால் அது கறுப்பாகவே நின்றுவிடும். காற்றை விடும் நேரம் தவறினால் பல நாள் வேலையும் பாழாகும். வெப்பமானி இல்லாத காலத்தில் தீயின் நிறத்தையும் புகையையும் பார்த்தே இதைச் செய்தார்கள் என்பதை எண்ணும்போது, எனக்கு அந்தக் குயவர்கள்மேல் ஓவியர்கள்மேல் உள்ளதைவிட மதிப்பு அதிகம்.

பழைய முறையில் உருவத்தைக் குழம்பால் நிரப்பி, உள்விவரங்களைக் கூர்முனையால் கீறினார்கள். கி.மு. 525-ஐ ஒட்டி ஏதென்ஸில் இதைத் தலைகீழாக்கினார்கள்: உருவத்தை மண்ணின் நிறத்திலேயே விட்டுப் பின்புலத்தைக் கறுப்பாக்கினார்கள். இந்த மாற்றத்தை விருந்துக் காட்சியைக் கொண்டே காட்ட முடியும். மியூனிக்கில் ஒரு சாடி இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் ஹெராக்லீஸ் கட்டிலில் சாய்ந்திருக்க அதீனா தெய்வம் எதிரில் நிற்கும் காட்சி கருநிற உருவமாகவும், மறுபக்கத்தில் அதே காட்சி சிவப்பு உருவமாகவும் இருக்கின்றன. இரு பக்கங்களையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். கீறிய கோடு எங்கும் ஒரே தடிப்பில் செல்வதையும், சிவப்பு உருவத்தில் தூரிகையால் இட்ட கோடு சதையின் வளைவுக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் செல்வதையும் மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். உருவங்களின் வெளிக்கோடுகளுக்குக் கெட்டியான குழம்பைப் பயன்படுத்தியதால், அவை பரப்பின்மேல் சற்றே மேடாக நிற்கும். பக்கவாட்டில் விளக்கொளி விழும்படி எடுத்த படம் கிடைத்தால் அந்த மேடு நன்றாகத் தெரியும்.

பெரம்பூர் ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கிண்ணத்தின் உட்படமும் வெளிப்படமும் வெவ்வேறு பார்வையாளருக்கு என்பதையே என் உரையின் மையமாக வைத்துக்கொள்ளப் போகிறேன். இன்னும் இரண்டு செய்திகளைக் கேட்க விரும்புகிறேன். இக்காட்சிகளில் வரும் பெண்கள் யார்? மாணவியரும் வரும் அவையில் அதைத் தவிர்க்காமலும், கண்ணியம் குறையாமலும் சொல்ல வேண்டும். அடுத்து, யவனர் மதுவைப் பற்றிச் சங்கப் பாடல் உண்டே என்று ஒருவராவது எழுந்து கேட்பார். அதற்கும் இந்தக் கலங்களுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லலாமா?

அடையாறு ஆய்வு மாணவி எழுதியது:

பெண்களைப் பற்றிய கேள்விக்கு நான் எழுதுகிறேன், அம்மா. ஏதென்ஸின் இந்த விருந்துகளில் வீட்டுப் பெண்கள் கலந்துகொள்வதில்லை. வந்த பெண்கள் கூலிக்கு அமர்த்தப்பட்ட குழல் இசைப்போர், ஆடுவோர், கணிகையர். அவர்களில் பலர் அடிமைகள். ஒரு பெண் ஆண்களோடு சேர்ந்து விருந்துண்டாள், குடித்தாள் என்பதையே அவள் மனைவியாக வாழ்ந்தவள் அல்லள் என்பதற்குச் சான்றாக, கி.மு. 4-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் நீதிமன்ற உரை ஒன்று முன்வைக்கிறது. இதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அழகான கோடுகளைப் பார்த்து மகிழும்போதே, குழல் ஊதும் அந்தப் பெண் தன் விருப்பத்தால் அங்கு வந்தவள் அல்லள் என்பதும் அவையினர் நினைவில் இருக்க வேண்டும். பிரைகோஸ் ஓவியரின் கிண்ணத்தில் தலையைத் தாங்கிப் பிடிக்கும் பெண்ணையும் அப்படிப் பார்த்தால்தான் அந்தப் படம் முழுமையாகும்.

பெண்கள் மட்டுமே விருந்தாடும் ஓவியமும் ஒன்று உண்டு. ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில், யூஃப்ரோனியோஸ் கையொப்பமிட்ட மதுக் குளிர்விப்புக் கலம் இருக்கிறது. அது காளான் வடிவில் அமைந்தது. கிராட்டருக்குள் மிதக்கவிட்டு மதுவைக் குளிரச் செய்வதற்கானது. அதில் நான்கு பெண்கள் சாய்ந்திருக்கிறார்கள். ஒருத்தி இரட்டைக் குழல் ஊதுகிறாள். ஒருத்தி நம்மை நேருக்கு நேர் பார்த்தபடி குடிக்கிறாள். ஸ்மிக்ரா என்று பெயர் எழுதப்பட்ட இன்னொருத்தி, கிண்ணத்தின் கைப்பிடியை விரலில் மாட்டிச் சுழற்றி, அடியில் தங்கிய மதுத்துளியை எறியப் போகிறாள். “லியாக்ரோஸ், இதை உனக்காக எறிகிறேன்” என்ற சொற்கள் அவளருகே எழுதப்பட்டுள்ளன. கொட்டபோஸ் என்ற விளையாட்டு அது. எறிந்த துளி ஒரு கம்பத்தின் உச்சியில் வைத்த சிறு தட்டில் பட்டு அதைக் கீழே விழச் செய்ய வேண்டும். லியாக்ரோஸ் அக்காலத்து ஏதென்ஸில் அழகுக்குப் பேர்போன இளைஞன். அவன் பெயர் பல கலங்களில் வருகிறது. இந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஏதென்ஸில் பெண்களுக்கென்று தனி விருந்து நடந்தது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். ஆண்களின் விருந்தில் பயன்பட்ட கலத்தில், ஆண்களின் கற்பனையாகவே அது வரையப்பட்டிருக்க வேண்டும். பெண்கள் அதில் ஆடையின்றி இருப்பதால், உங்கள் அவையில் படத்தைக் காட்டாமல் செய்தியை மட்டும் சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே பேசப்பட்ட கலங்களில் பல, ஏதென்ஸில் கிடைத்தவையே அல்ல. இத்தாலியில் எட்ருஸ்கர் என்ற மக்களின் கல்லறைகளில் அவை கிடைத்தன. எக்சேகியாஸின் கிண்ணம் வுல்ச்சி என்ற ஊரிலிருந்து வந்தது. லூவரில் உள்ள கிராட்டர் செர்வெட்டெரியிலிருந்து. எட்ருஸ்கர்களின் விருந்தில் மனைவியர் கணவரோடு ஒரே கட்டிலில் சாய்ந்திருப்பார்கள். தார்க்குவீனியா நகரத்துக் கல்லறைச் சுவரோவியங்களிலும், செர்வெட்டெரியில் கிடைத்த கணவன் மனைவி உருவங்களுள்ள சுடுமண் ஈமப்பேழையிலும் இதைக் காணலாம். ஆகவே, ஏதென்ஸ் ஆண்களின் விருந்தை வரைந்த கலம், வேறு வழக்கமுள்ள ஒரு குடும்பத்தின் வீட்டுக்கும் பிறகு அவர்களின் கல்லறைக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே அந்தப் படங்களை என்ன பொருளில் பார்த்தார்கள் என்பது தனியாக ஆராய வேண்டிய கேள்வி. நுங்கம்பாக்கம் ஐயா குறிப்பிட்ட சார்பிடோன் கிராட்டரும் இப்படி ஒரு கல்லறையிலிருந்து திருட்டுத்தனமாகத் தோண்டி எடுக்கப்பட்டதே. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதை 1972-இல் ஏறத்தாழ பத்து லட்சம் டாலருக்கு வாங்கி, 2008-இல் இத்தாலிக்குத் திருப்பிக் கொடுத்தது. சிலைத் திருட்டைப் பற்றிய செய்திகளை அடிக்கடி படிக்கும் நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

திருவல்லிக்கேணித் தமிழாசிரியர் எழுதியது:

சங்கப் பாடலைப் பற்றிய கேள்விக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன். அவையில் எழுந்து கேட்பவர் சுட்டப்போவது புறநானூற்றின் 56-ஆம் பாடலாகத்தான் இருக்கும். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் பாடல் அது. “யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல், பொன்செய் புனைகலத்து ஏந்தி, நாளும் ஒண்தொடி மகளிர் மடுப்ப, மகிழ்சிறந்து” வாழ்க என்கிறார் புலவர். யவனர் கொண்டுவந்த மது பாண்டியன் அவையில் இருந்தது. ஆனால் அதை ஊற்றியது பொற்கலத்தில். ஓவியம் தீட்டிய மட்கலத்தைப் பற்றி இப்பாடலில் ஒரு சொல்லும் இல்லை.

காலமும் பொருந்தாது. நீங்கள் பேசும் கலங்களில் பெரும்பாலானவை கி.மு. 6, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஏதென்ஸில் உருவம் தீட்டிய கலங்களின் உற்பத்தி கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் முடிந்துவிட்டது. அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது வெளிப்பட்ட ஆம்போரா உடைசல்கள், உரோமப் பேரரசின் கடல் வணிகக் காலத்தைச் சேர்ந்தவை. அவை மதுவும் எண்ணெயும் ஏற்றிவந்த, ஓவியம் ஏதுமில்லாத சரக்குச் சாடிகள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அத்தகைய உடைசல்களைப் பார்த்துவிட்டு, கிரேக்க ஓவியக் கலங்கள் தமிழகத்துக்கு வந்தன என்று சொல்வது பெரும் பிழையாகிவிடும். மது வந்தது, சாடி வந்தது. சாய்ந்திருக்கும் டயோனிசஸ் வரவில்லை.

ஆயினும், இரு நாட்டு விருந்துகளையும் அருகருகே வைத்துப் பேசுவதில் தவறில்லை என்பது என் கருத்து. தொடர்பு என்று சொல்லாமல், ஒப்பீடு என்று சொல்லிவிட்டால் போதும். ஔவையார் அதியமானை இழந்து பாடும்போது, சிறிதளவு கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து உண்பான் என்று நினைவுகூர்கிறார். பெண்ணொருத்தி அரசனோடு அமர்ந்து உண்டு, பாடி, அதைத் தன் சொல்லாலேயே பதிவு செய்த இப்படியொரு சான்று ஏதென்ஸ் விருந்துக் காட்சிகளில் கிடையாது. கபிலரோ, காலையிலேயே கள்ளை உண்டு மகிழ்ந்திருக்கும்போது தேரைக் கொடுப்பது யார்க்கும் எளிது என்றும், மலையமான் மது மயக்கம் இல்லாமலேயே கொடுத்த தேர்கள் முள்ளூர் மலைமேல் பெய்த மழைத்துளிகளைவிடப் பல என்றும் பாடுகிறார். அங்கே மதுவை நீரால் அளந்தார்கள். இங்கே கொடையை மதுவால் அளக்க மறுத்தார்கள். புறநானூற்றின் 235, 123 ஆகிய இந்த இரண்டு பாடல்களையும், ஆசிரியை அவர்கள் யூபுலஸின் கிராட்டர் கணக்கைச் சொல்லி முடித்த உடனே வாசித்தால் பொருத்தமாக இருக்கும். உரைக்கு முன் ஒரு நாள் மாணவர்களை எழும்பூருக்கு அழைத்துச் சென்று, ஆதிச்சநல்லூர் ஈமக்கலங்களில் ஒரே கலத்தில் கறுப்பும் சிவப்பும் இருப்பதைக் காட்டுங்கள். சூளைக்காரர் சொன்ன காற்றும் தீயும் நம் குயவர் கையில் வேறு விதமாக வேலை செய்ததை அங்கே பார்க்கலாம்: கலத்தைக் கவிழ்த்துச் சுட்டதால், காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுத்து, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்திருக்கும்.